தோளுக்குப் பின்னால் நிற்பவரின் ஆட்டம்

1990-களின் பிற்பகுதியில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. மூன்றே பெட்டிகள். ஒரு ரூபாய் கொடுத்தால் ஒரு காயின். எப்போது போனாலும் ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் ஒருவரோ இருவரோ ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முதுகை உரசிக்கொண்டு ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். நான் பெரும்பாலும் அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவன். 'முஸ்தபா' என்று நாங்கள் சொன்ன கேமின் உண்மையான பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதை நான் ஆடியது பத்துப் பதினைந்து தடவை இருக்கும். பார்த்தது நூறு தடவைக்கு மேல். கடைசி ஸ்டேஜ் வரை போகிற அண்ணன் ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் வருவார். அவருக்காகவே போய் நிற்போம்.

போன மாதம் அக்கா போன் பண்ணினாள். "கேமை போன்ல ஏத்தி வச்சிருக்கான்டா. அதை ஆடாம எவனோ ஆடுறதை ரெண்டு மணி நேரமா உட்கார்ந்து பார்க்கிறான். நீயாச்சும் என்னன்னு கேளு" என்றாள். மகனுக்குப் பதினொரு வயது. அவள் குரலில் இருந்தது கோபம் இல்லை, புரியாத கவலை. நிறையப் பெற்றோருக்கு இதே கவலை உண்டு. அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், "நீங்கள் கிரிக்கெட் பார்ப்பதில்லையா?" என்பது. சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். சேப்பாக்கத்தில் இறங்கி பந்து வீச நம்மால் முடியாது, அதனால் பார்க்கிறோம். அக்கா மகன் கையில் அந்த கேமே இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் அவனே ஆடலாம். அப்படியிருந்தும் பார்க்கிறான் என்றால், ஆடுவதில் கிடைக்காத ஏதோ ஒன்று பார்ப்பதில் கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்?

அவன் பார்ப்பது மைன்கிராஃப்ட். 2011 நவம்பரில் முழுமையாக வெளிவந்த இந்த கேமிலிருந்தே தொடங்குவது வசதி. அந்த நாட்களில் கேமைத் திறந்தால் ஒரு வனாந்தரத்தில் விட்டுவிடும். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாது. மரத்தைக் கையால் அடித்தால் கட்டை கிடைக்கும், கட்டையைப் பலகையாக்கலாம், மூன்று பலகையையும் இரண்டு குச்சியையும் குறிப்பிட்ட வரிசையில் வைத்தால் ஒரு பிக்காசு கிடைக்கும். இது எதுவும் கேமுக்குள் எழுதியிருக்காது. இருட்டினால் பேய்கள் வந்துவிடும். செய்முறைப் புத்தகம் ஒன்று கேமுக்குள்ளேயே வந்தது 2017-ல்தான். அதுவரை ஆட வந்தவர்களில் பலர் இன்னொருவர் ஆடுவதைப் பார்த்துத்தான் ஆடக் கற்றார்கள். சமையல் புத்தகம் இல்லாத வீட்டில் அடுப்படியில் நின்று பார்த்துப் பழகுவது மாதிரி. 2021 டிசம்பரில், மைன்கிராஃப்ட் வீடியோக்கள் 1 லட்சம் கோடி முறை பார்க்கப்பட்டுவிட்டன என்று யூடியூப் அறிவித்தது. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் முதல் காரணம் ரொம்ப எளிது: கற்றுக்கொள்ளும் ஆசை.

ஆனால் கற்றுக்கொள்வது மட்டும்தான் காரணம் என்றால், கற்று முடித்ததும் பார்ப்பது நின்றுபோக வேண்டும். நிற்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும்.

பிரிக் கேம் ஞாபகம் இருக்கும். திருவிழாக் கடைகளில் விற்ற, பென்சில் செல் போட்டு ஆடும் சின்னப் பெட்டி. மேலிருந்து கட்டைகள் விழும், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். அதன் மூலம் 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜிட்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ். அதை நின்டெண்டோ 1989-ல் தன் வீட்டுக் கேம் பெட்டிக்கு வெளியிட்டது. அந்தப் பழைய வடிவத்தை வைத்து 2010 முதல் அமெரிக்காவில் உலகப் போட்டி நடக்கிறது. கட்டை விழுவதை உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு முறை பார்க்க உட்கார்ந்தவன் நள்ளிரவு தாண்டி எழுந்தேன்.

நடப்பது இதுதான். நல்ல ஆட்டக்காரர் வலது ஓரத்தில் ஒரு கட்டம் அகலத்துக்கு ஒரு பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நிரப்பிக்கொண்டே போவார். நீளக் குச்சி வந்தால் அதை அந்தப் பள்ளத்தில் இறக்கி நான்கு வரிசையை ஒரே அடியில் அழிக்கலாம், பெரிய மதிப்பெண். குச்சி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்து வரப்போகும் ஒரே ஒரு கட்டையை மட்டும் ஓரத்தில் காட்டுவார்கள். குச்சி வராமல் போகப் போக அடுக்கு உயரும். இனியும் காத்திருப்பதா, கிடைத்ததைப் போட்டுப் பள்ளத்தை மூடிவிடுவதா? ஆடுபவர் இதை ஒரு நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். பார்க்கிற நாமும் அதே நொடியில் முடிவு செய்கிறோம். "மூடிடு, மூடிடு" என்று நம் மனம் சொல்லும். அவர் மூடமாட்டார். இரண்டு கட்டை கழித்து குச்சி வரும். அப்போது வருகிற நிம்மதி நாமே ஆடி ஜெயித்தால் வருவதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

நாமே ஆடும்போது நம் மனதில் பாதியை விரல்கள் எடுத்துக்கொள்கின்றன. எந்தப் பொத்தான், எவ்வளவு வேகம் என்ற கவலையில் ஆட்டத்தின் அழகைக் கவனிக்க நேரம் இருப்பதில்லை. பார்ப்பவருக்கு அந்தப் பாரம் இல்லை. அவர் மனம் முழுவதும் முடிவுகளில் இருக்கிறது. திண்ணையில் தாயம் ஆடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் நல்ல நகர்வுகள் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

டெட்ரிஸுக்கு இன்னொரு கதையும் உண்டு. 29-வது லெவலில் கட்டை விழும் வேகம் சட்டென்று இரட்டிப்பாகும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கட்டை ஓரத்துக்குப் போவதற்குள் தரையைத் தொட்டுவிடும். மனிதர்களுக்கு ஆட்டம் அங்கேயே முடிகிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். அப்புறம் ஓர் இளைய தலைமுறை வந்தது. பொத்தானைப் பிடிக்காமல் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடிதுடிக்க அடித்தார்கள். 2018 உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஏழு முறை பட்டம் வென்றிருந்த ஜோனாஸ் நியூபாவரை 16 வயது ஜோசப் சாலீ இந்த முறையில்தான் வென்றார். அதற்குப் பிறகு கன்ட்ரோலரின் பின்பக்கத்தை விரல்களால் தவில் வாசிப்பது போல் தட்டும் முறை ஒன்று பிறந்தது. 2023 டிசம்பர் 21-ல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுப் பையன் அந்த முறையில் ஆடி 157-வது லெவலை எட்டினான். அந்த வேகத்தில் கணக்கைத் தொடர முடியாமல் கேம் உறைந்து நின்றுவிட்டது. 34 வருஷமாக எந்த மனிதனும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. தன் விரல்களில் உணர்வே இல்லை என்று அவன் திணறுவதை இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பிரிக் கேமை ஒரு முறையாவது தொட்டுப் பார்த்தவர்களுக்கு அவன் செய்தது என்னவென்று உடம்பிலேயே தெரியும். அந்த ஆட்டத்தை நாமும் ஆடித் தோற்றிருக்கிறோம் என்பதுதான் அவனைப் பார்க்கும்போது மயிர்க்கூச்செறியக் காரணம்.

பார்ப்பவருக்கு இன்னொரு சலுகையும் உண்டு: ஆடுபவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். ஸ்டார்கிராஃப்ட் என்ற போர் கேமின் பார்வையாளர்களை ஆராய்ந்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிஃபர்ட் சியுங், ஜெஃப் ஹுவாங் இருவரும் 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பார்க்கும் சுவைக்கு வேர் தகவல் ஏற்றத்தாழ்வு என்பது அவர்கள் வாதம். ஸ்டார்கிராஃப்டில் எதிரியின் இடம் கறுப்பு மூட்டத்தில் மறைந்திருக்கும். ஆளை அனுப்பி வேவு பார்த்தால்தான் தெரியும். வர்ணனையாளருக்கும் நமக்கும் மூட்டம் இல்லை. இவன் நிம்மதியாகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறான், பின்வாசல் வழியாக அவன் படை வந்துகொண்டிருக்கிறது. தெருக்கூத்தில் துரியோதனனுக்குத் தெரியாதது எதிரே பாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவது மாதிரிதான். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஆடுபவர் மனதில் ஒரு திட்டம் இருக்கும், அது நமக்குப் புரியாது. "இவர் ஏன் இதைச் செய்கிறார்?" என்று குழம்புவோம், மூன்று நிமிஷம் கழித்து விளங்கும்.

தமிழ் வாசகர்கள் பலர் இதை வேறோர் ஆட்டத்தில் அனுபவித்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலக செஸ் பட்டத்துக்கான பதினான்காவது, கடைசி ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்வில், அப்போது உலகச் சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென் யானையை ஒரு தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். நேரலையில் திரையோரம் இருக்கும் கம்ப்யூட்டர் மதிப்பீட்டுப் பட்டை சடாரென்று குகேஷ் பக்கம் சாய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானோருக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. குகேஷுக்குத் தெரியவில்லை. உடனே அது தவறென்று புலப்படவில்லை, வேறொரு நகர்வை ஆடவிருந்தேன் என்று ஆட்டம் முடிந்தபின் அவரே சொன்னார். அந்தச் சில நொடிகள் நம் வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை. "பார்த்துடுப்பா, பார்த்துடு" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. செஸ் வீடியோ கேம் இல்லை. ஆனால் அந்த நொடிகளின் சுவையும் வீடியோ கேம் பார்ப்பதன் சுவையும் ஒன்றே.

ஸ்டார்கிராஃப்டைச் சொன்னால் தென்கொரியாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1997-ல் அங்கே பெரும் பொருளாதார நெருக்கடி. வேலையிழந்தவர்கள் பலர் 'பிசி பாங்' எனப்படும் கம்ப்யூட்டர் கடைகளைத் திறந்தார்கள், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து இளைஞர்கள் அங்கே உட்கார்ந்தார்கள். 1998-ல் ஸ்டார்கிராஃப்ட் வந்தது. அதிவேக இணையமும் வீடு வீடாகப் போயிற்று. 2000-ல் கேம்களுக்கென்றே 'ஆன்கேம்நெட்' என்ற கேபிள் சேனல் தொடங்கியது. இம் யோ-ஹ்வான் போன்ற ஆட்டக்காரர்களுக்குச் சினிமா நடிகர்களுக்கு இருப்பது போல் ரசிகர் மன்றங்கள் உருவாயின. 2004-ல் புசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு 1 லட்சம் பேர் வந்ததாகச் சொல்லப்பட்டது. கடல் பக்கத்திலிருக்க, இரண்டு பேர் கம்ப்யூட்டரில் ஆடுவதை மணலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அதே 2004, ஆகஸ்ட் மாதம், கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரி அரங்கம். இருவர் நேருக்கு நேர் அடித்துக்கொள்ளும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்ற சண்டை கேம். ஜப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்கும் மோதினார்கள். டைகோவின் உயிர்க்கோட்டில் ஒரு நூல் அளவுதான் மிச்சம். வோங் தன் பெரிய அஸ்திரத்தை ஏவினார், தொடர்ந்து 15 அடி. சாதாரணமாகத் தடுத்தாலும் ஒவ்வோர் அடிக்கும் துளி உயிர் குறையும், அப்படிக் குறைந்தாலே டைகோ செத்தார். மிச்சம் இருந்தது ஒரே வழி: ஒவ்வோர் அடியும் படும் அந்தக் கணத்தில் எதிரியை நோக்கி ஸ்டிக்கைத் தட்டி அடியை வெறுமையாக்குவது. முதல் அடி வந்தபின் பார்த்துத் தட்டினால் தாமதமாகிவிடும், வருமென்று ஊகித்து முன்பே தட்ட வேண்டும். டைகோ 15-ஐயும் தட்டிவிட்டார், கடைசி அடியைக் காற்றில் எழும்பியபடி. இறங்கி வந்து திருப்பி அடித்து ஜெயித்தார்.

அந்த வீடியோவை இதுவரை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அதில் உயிர் இல்லை. நான்காவது ஐந்தாவது அடியிலேயே கூட்டத்துக்கு என்ன நடக்கிறது என்று புரிந்து ஒரு சத்தம் கிளம்பும். கடைசியில் அது காது கிழிகிற கூச்சலாகும். அங்கே இருந்த ஒவ்வொருவரும் அந்த கேமை ஆடியவர்கள், தங்களால் அது முடியாது என்பதைத் தங்கள் கைகளாலேயே அறிந்தவர்கள். அந்த அறிவுதான் அப்படிக் கத்தியது. அந்தத் தொடரின் இறுதி ஆட்டத்தில் டைகோ தோற்றுப்போனார். இன்றும் மக்கள் தேடிப் பார்ப்பது அந்தச் சில நொடிகளைத்தான்.

இவையெல்லாம் உச்சிக்குப் போனவர்களின் கதைகள். ஆனால் அக்கா மகன் பார்ப்பவர் சாம்பியன் இல்லை. சுமாராகத்தான் ஆடுகிறார், அடிக்கடி சாகிறார். தாங்கள் ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் 'ஸ்ட்ரீமர்கள்' பெரும்பாலும் அப்படித்தான். அப்படியானால் அவர்களிடம் என்ன இருக்கிறது? பேச்சு.

2007-ல் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தொப்பியில் கேமராவைக் கட்டிக்கொண்டு தன் வாழ்க்கையை 24 மணி நேரமும் ஒளிபரப்பத் தொடங்கினார். 'ஜஸ்டின்.டிவி' என்று பெயர். பிறகு யார் வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம் என்று திறந்துவிட்டார்கள். அதில் கேம் பகுதிதான் மளமளவென்று வளர்ந்தது. 2011-ல் அதைத் தனியாகப் பிரித்து 'ட்விட்ச்' என்று பெயர் வைத்தார்கள். 2014-ல் அமேசான் அதைச் சுமார் 97 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு மனிதனின் முழு வாழ்க்கை தோற்று, அவன் கேம் ஆடுவது ஜெயித்தது ஏன்? நான் யோசித்த வரையில், வாழ்க்கையில் நீண்ட வெற்று நேரங்கள் உண்டு, கேமில் எப்போதும் பதில் தெரியாத ஒரு கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, கை வேலையாக இருந்தால் வாய் தாராளமாகும். பூ கட்டும்போது, புளி உடைக்கும்போது பெண்கள் பேசுகிற பேச்சை எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தால் வாங்க முடியாது. ஸ்ட்ரீமரும் அப்படித்தான். கை ஆடிக்கொண்டிருக்க, அவர் காலையில் சாப்பிட்டதிலிருந்து அப்பாவின் உடம்பு வரை பேசுகிறார். கேட்பவருக்கு அது துணை. ஹாஸ்டல் அறையில், இரவுப் பணி முடிந்து வந்த வீட்டில், தனியாகச் சாப்பிடும் நேரத்தில் ஒரு குரல்.

தொலைக்காட்சி, வானொலி அறிவிப்பாளர்களோடு மக்கள் கொள்ளும் ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதினார்கள். நாம் அவரை அறிவோம், அவர் நம்மை அறியமாட்டார். ஸ்ட்ரீமில் அந்தக் கோடு கொஞ்சம் அழிகிறது. ஐம்பது பேர் பார்க்கும் ஸ்ட்ரீமில், பார்ப்பவர்கள் எழுதுவது திரையோரம் ஓடும் 'சாட்'டில் எழுதினால் அவர் பெயர் சொல்லிப் பதில் தருவார். ஐம்பதாயிரம் பேர் பார்க்கும் இடத்தில் தனிக்குரல் கேட்காது, அங்கே சாட் கூட்டத்தின் ஆரவாரமாக மாறிவிடும்.

பார்ப்பவர்கள் எந்த அளவுக்கு ஆட்டத்துக்குள் வர முடியும் என்பதற்கு 2014 பிப்ரவரியில் ட்விட்சில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர் வெளியிடாத ஒரு புரோகிராமர் விசித்திரப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் பழைய போகிமான் கேம் ஒன்றைத் தானாக இயங்கும்படி வைத்தார். சாட்டில் யார் 'மேலே', 'இடது' என்று எழுதினாலும் கேமில் அந்தப் பொத்தான் அழுத்தப்படும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எழுதினார்கள். நாயகன் சுவரில் முட்டினான், சுற்றிச் சுற்றி வந்தான், ஒரு மேட்டைத் தாண்ட மணிக்கணக்கில் ஆயிற்று. ஆசையாக வளர்த்த பிராணிகளைக் கூட்டம் தவறுதலாக விட்டுத் தொலைத்தது, அதற்காகத் துக்கம் அனுசரித்தார்கள். பைக்குள் திரும்பத் திரும்பக் கை போய்த் தொட்ட ஒரு நத்தைப் புதைபடிவத்தைத் தெய்வமாக்கிக் கதைகள் கட்டினார்கள். பதினாறு நாளில், 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கை சேர்ந்து, கேமை முடித்தார்கள். தேர் இழுத்த ஊர்க்காரர்களுக்கு இது புரியும்.

இந்த நெருக்கத்துக்கு ஒரு கெட்ட முகமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தடை செய்யப்பட்டிருந்த பப்ஜியை ஆடிக்கொண்டே ஆபாசமாகப் பேசிவந்த யூடியூபர் ஒருவரை 2021 ஜூனில் தர்மபுரியில் போலீஸ் கைது செய்தது. அவரைப் பார்த்தவர்களில் சிறுவர்கள் ஏராளம். குரல்தான் ஈர்ப்பு என்றால், அது யாருடைய குரல் என்பது முக்கியம். "எவ்வளவு நேரம் பார்க்கிறான்" என்பதோடு "யாரைப் பார்க்கிறான்" என்பதையும் கேள் என்று அக்காவிடம் சொன்னேன். கூடவே அரை மணி நேரம் உட்கார்ந்து பார் என்றும் சொன்னேன்.

கடைசியாக, காசு. டிவியில் இணைத்து ஆடும் கேம் பெட்டியான ப்ளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது விலை 49,990 ரூபாய். புது கேம் ஒன்றே 4,999. கதை சொல்லும் பெரிய கேம்கள் பெரும்பாலும் அந்த மாதிரிப் பெட்டிகளிலோ விலை கூடிய கம்ப்யூட்டர்களிலோதான் ஓடும். நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் அது இருக்கும்? ஆனால் 2016-ல் ஜியோ வந்தபின் போனும் டேட்டாவும் கைக்கு எட்டின. பெட்டி வைத்திருக்கும் ஒருவர் ஆடுகிறார், ஆங்கில வசனம் முடிந்ததும் நிறுத்தி "இப்ப இவன் என்ன சொல்றான்னா" என்று தமிழில் சொல்கிறார். மௌனப் படக் காலத்துக் கொட்டகைகளில் திரையருகே நின்று கதை விளக்கியவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். பதினைந்து பாகம், இருபது பாகம் என்று அந்தக் கதைகளைத் தொடர் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அவனிடமே கேட்டேன். மைன்கிராஃப்ட் போரடித்துவிட்டதாம், இப்போது வட ஐரோப்பியப் புராணக் கடவுள்கள் வரும் ஒரு கேம். அவன் வீட்டில் ப்ளேஸ்டேஷன் கிடையாது. மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கதை சொன்னான். அப்பாவும் மகனும் மலைக்குப் போவது, படகில் பேசிக்கொண்டே போவது, எல்லாம். சண்டை ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது அவன் கைகள் தானாக அசைந்தன. "அந்த பாஸ்கிட்ட மட்டும் நாங்க ஆறு தடவை செத்தோம் மாமா. ஏழாவது தடவைதான் அடிச்சோம்" என்றான்.